மியூனிக் போக மொனாகோ என்று அடித்த கதை

தம்பியுடன் இத்தாலியின் வெரோனாவிலிருந்து ஜெர்மனியின் மியூனிக் போக ரயில் டிக்கெட் தேடினேன். இத்தாலிய மொழித் தளத்தில் 'மியூனிக்' என்று அடித்தால் எதுவும் வரவில்லை. விடுதிக்காரர் சொன்ன 'மொனாகோ'வைப் போட்டால் மிலான், ஜெனோவா, வென்டிமிலியா என்று மாறி மாறிப் போகச் சொன்னது. தேதியை மாற்றினேன், தம்பி போனிலும் பார்த்தேன். இரண்டு நாள் போச்சு.

"அக்கா, மியூனிக் வடக்கேதானே? இது ஏன் கடலோரமா போகுது?" என்று அவன்தான் கேட்டான்.

வென்டிமிலியா பிரான்ஸ் எல்லையில் இருக்கிற ஊர். இத்தாலியர்களுக்கு மியூனிக்கும் மொனாகோதான், பிரான்ஸை ஒட்டிய அந்தக் குட்டி நாடும் மொனாகோதான்! 'மொனாகோ டி பவியேரா' (மியூனிக் இருக்கிற பவேரியா மாநிலத்தின் மொனாகோ) என்று முழுசாக அடித்ததும் பிரென்னர் கணவாய் வழியாக நேர் ரயில் வந்தது. சுமார் ஐந்தரை மணி நேரம். அதற்குள் மலிவு டிக்கெட் தீர்ந்திருந்தது, அது வேறு.