பழைய பைக்கை ரீபோர் செய்யும்போது பிஸ்டன் கிளியரன்ஸை முடிவு செய்வது எப்படி?

ரீபோர் என்றால் தேய்ந்த சிலிண்டரின் துளையைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவது. பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே விடும் இடைவெளிதான் கிளியரன்ஸ். சிலிண்டரை போரிங் (கடையும்) வேலைக்குக் கொடுக்கும் முன்பே புதிய பிஸ்டன் கையில் இருக்க வேண்டும். "0.50 மி.மீ. ஓவர்சைஸ்தானே, போர் போட்டு வையுங்க, பிஸ்டனை அப்புறம் வாங்கிக்கிறேன்" என்று சொன்னால் வேலை கெட்டது. பெட்டியில் இருப்பது பெயரளவுக்கான எண். உண்மையான அளவு பிஸ்டனில்தான் இருக்கிறது.

முதலில் பிஸ்டனை அளந்துவிடுங்கள். பார்க்க உருண்டையாகத் தெரிந்தாலும் அது சரியான வட்டம் இல்லை. கஜன் பின் (பிஸ்டனை கனெக்டிங் ராடோடு இணைக்கும் ஊசி) இருக்கும் திசையில் ஒடுங்கியும் அதற்குக் குறுக்கே அகன்றும் இருக்கும். மேல்பக்கம் அதிகச் சூடாகி விரியும் என்பதால் அங்கே சிறுத்து, கீழே பெருத்திருக்கும். அதனால் பின்னுக்கு 90 டிகிரி திசையில், ஸ்கர்ட்டின் (ரிங்குகளுக்குக் கீழே உள்ள பக்கச் சுவர்) கீழ்ப்பகுதியில், தயாரிப்பாளர் சொல்லும் உயரத்தில் அளக்க வேண்டும். மைக்ரோமீட்டர் அவசியம். வெர்னியர் காலிப்பரை நம்பி இந்த வேலையில் இறங்காதீர்கள். ஸ்கர்ட்டில் கறுப்புப் பூச்சு இருந்தால், அதன் மேல் அளப்பதா, விட்டு அளப்பதா என்று பிஸ்டனோடு வந்த தாளைப் பாருங்கள்.

அடுத்து கிளியரன்ஸ். அலுமினியம், வார்ப்பிரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். அந்த விரிவுக்குத்தான் இந்த இடைவெளி. தாளில் எண் இருந்தால் அதுவே முடிவு. இல்லையென்றால், காற்றில் குளிரும் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் வார்ப்பு பிஸ்டனுக்கு, போர் அளவில் (சிலிண்டர் துளையின் விட்டத்தில்) ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற பழைய கணக்கு உதவும். 70 மி.மீ. போருக்கு 0.07 மி.மீ. ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டனுக்குப் பொதுவாக இன்னும் கூடுதல் வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் இந்தக் கணக்கே வேண்டாம், தயாரிப்பாளரைக் கேளுங்கள்.

பழைய சர்வீஸ் மேனுவலில் இதைவிடக் குறைந்த எண் இருக்கலாம். அந்தக் காலத்தில் ஸ்கர்ட்டில் கீறல் வெட்டிய பிஸ்டன்கள் உண்டு. அவை விரிவைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். கீறல் இல்லாத இன்றைய பிஸ்டனுக்கு அந்த எண்ணைப் போட்டால் சீஸ் ஆகிவிடும், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிச் சிக்கிக்கொள்ளும். கிளியரன்ஸ் பிஸ்டனுக்கு உரியது, வண்டிக்கு அல்ல. சந்தேகம் வந்தால் ஒரு மயிரிழை தளர்வான பக்கமே நில்லுங்கள். குளிரில் கொஞ்சம் தட்டும் சத்தம் வரும், அவ்வளவுதான்.

இனி கூட்டல் கணக்கு. பிஸ்டன் 70.44, கிளியரன்ஸ் 0.07 என்றால் ஹோனிங் (கடைந்த சுவரைச் சாணைக்கல்லால் தேய்த்து முடிப்பது) முடிந்த பிறகு போர் 70.51 இருக்க வேண்டும். 'ஹோனிங் முடிந்த பிறகு' என்பதை எழுதியே கொடுங்கள். போரிங் கருவியிலேயே 70.51 தொட்டுவிட்டால் ஹோன் செய்ய உலோகம் மிச்சம் இருக்காது. சுமார் 0.05 மி.மீ. விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

சிலிண்டர் திரும்பி வந்ததும் போர் கேஜால் (துளையின் விட்டம் அளக்கும் கருவி) மேல், நடு, கீழ் என்று மூன்று உயரத்திலும், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அளந்து பாருங்கள். பிஸ்டனும் சிலிண்டரும் ஒரே அறையில் சில மணி நேரம் கிடந்து ஆறிய பிறகே அளக்கணும்.

பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் மறக்க வேண்டாம். ரிங்கைப் போருக்குள் விட்டு, பிஸ்டனால் தள்ளி நேராக்கி, ஃபீலர் கேஜால் (இடைவெளியில் நுழைத்து அளக்கும் மெல்லிய தகடுகள்) பாருங்கள். 70 மி.மீ. போருக்குச் சுமார் 0.28 மி.மீ. இருக்கலாம்.

கடைசியாக, வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பெட்ரோலில் கழுவினால் ஹோனிங் துகள் முழுசாகப் போகாது. வெள்ளைத் துணியால் துடைத்துக் கறை வராத வரைக்கும் கழுவிவிட்டு, ஈரம் காய்ந்த கையோடு எண்ணெய் தடவிவிடுங்கள், துரு பிடிக்க ரொம்ப நேரம் ஆகாது.