புதுசா ஓட ஆரம்பிக்கிறீங்களா? இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

முதல் தப்பு வேகம்தான். முதல் நாளே நாக்கு தள்ள ஓடுனாதான் ஓடுன மாதிரின்னு நெறைய பேர் நெனச்சுக்கறாங்க. தயவுசெஞ்சு மெதுவா ஓடுங்க, ஓடும்போதே கூட வர்றவங்ககிட்ட தெணறாம பேச முடியணும், முடியலன்னா உடனே நடங்க, நடக்கறதுல ஒரு கேவலமும் இல்ல. கௌச் டு ஃபைவ் கே-ன்னு, புதுசா ஆரம்பிக்கறவங்கள 5 கிலோமீட்டர் ஓட வைக்கற 9 வார ப்ரோக்ராம் ஒண்ணு இருக்கு, அதுலயே முதல் வாரம் 60 செகண்ட் ஓட்டம், 90 செகண்ட் நடை, இப்படி மாத்தி மாத்தி 20 நிமிஷம், வாரத்துக்கு 3 நாள், அவ்ளோதான்.

கொஞ்ச நாள்ல மூச்சு பழகிடும், அப்பதான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். ஏன்னா மூச்சு பழகற வேகத்துல எலும்பும் தசைநாரும் பழகாது, அதுக்கு மாசக்கணக்குல ஆகும். இது தெரியாம தெம்பா இருக்கேன்னு தினமும் ஓடி, தூரத்தையும் கூட்டிட்டே போனா முழங்காலுக்கு கீழ முன்பக்க எலும்பு ஓரமா வலி எடுக்கும். குறிப்பா ஒரே ஒரு எடத்துல அமுக்குனா சுரீர்னு வலிச்சா அது எலும்புல விழுந்த கீறலா இருக்கலாம், ஓட்டத்த நிறுத்திட்டு டாக்டர பாருங்க.

அடுத்து ஷூ. கலர் பாத்து வாங்காதீங்க, மத்த செருப்போட சைஸையே கண்ண மூடிட்டு சொல்லாதீங்க. ஓடும்போது பாதம் வீங்கும், அதனால சாயங்காலமா போயி, ஓடறப்ப போடற சாக்ஸயே மாட்டிட்டு, ரெண்டு காலுலயும் போட்டு பாருங்க, பலருக்கு ஒரு கால் கொஞ்சம் பெருசா இருக்கும், அந்த காலுக்குதான் சைஸ். எழுந்து நின்னா நீளமான விரலுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கணும், இல்லன்னா நகம் இடிச்சு இடிச்சு கருத்துடும். குதிகால் வழுக்கக்கூடாது, பக்கவாட்டுலயும் நசுக்கக்கூடாது. கடையிலயே நாலடி ஓடி பாருங்க, அப்பவே உறுத்துற ஷூவ "போக போக லூஸாயிடும்"னு யாரு சொன்னாலும் வாங்காதீங்க.

ரேஸ் ஓடறவங்க போடற, அடிப்பாகத்துக்குள்ள விறைப்பான கார்பன் தகடு வெச்ச கார்பன் ப்ளேட் ஷூ இப்போதைக்கு வேணாம், நல்லா பொருந்துற சாதா ரன்னிங் ஷூவே தாராளம். பழைய டென்னிஸ் ஷூவும் வேணாம், அது பக்கவாட்டுல நகர்றதுக்காக செஞ்சது. பொதுவா ஒரு ஜோடி 500லேர்ந்து 800 கிலோமீட்டர் வரை தாங்கும், மேல பாக்க புதுசா இருந்தாலும் உள்ள ஃபோம் அமுங்கி போயிருக்கும். அப்புறம் காட்டன் சாக்ஸ் வேர்வைய புடிச்சு வெச்சு கொப்புளம் போட வெச்சுடும், அதுக்கு பதிலா சிந்தெடிக் சாக்ஸ் வாங்கிக்கோங்க.