சுண்டல் பதத்தைத் தாண்டி: வீட்டில் ஹம்மஸும் பிட்டா சிப்ஸும்

கொண்டைக்கடலையும் எள் விழுதும் சேர்த்து அரைக்கும் அரபு உணவான ஹம்மஸை முதல் முறை நான் அரைத்து மேசையில் வைத்தபோது, என் மாமியார் கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "வடையை எப்போதம்மா சுடப் போகிறாய்?" என்று கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். கிண்ணத்தில் இருந்தது கரகரவென்ற மாவு. வெங்காயமும் சோம்பும் சேர்த்துத் தட்டியிருந்தால் வடையாகத்தான் ஆகியிருக்கும்.

தவறு மிக்ஸியில் இல்லை, என் கையில் இருந்தது. நவராத்திரிக்குச் சுண்டல் செய்து பழகிய கைக்கு ஒரு கணக்கு உண்டு: கடலை வேக வேண்டும், ஆனால் உடையக் கூடாது. தோல் கழன்று தண்ணீரில் மிதந்தால் சுண்டல் கெட்டுவிட்டது என்று பொருள். ஹம்மஸுக்கு அந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். தோல் கழல வேண்டும், கடலை குழைய வேண்டும், விரலிடையில் வைத்து அழுத்தினால் வெண்ணெய் போல நசுங்க வேண்டும். சுண்டல் பதம் வந்ததும் அடுப்பை அணைப்பவர்களுக்கு நல்ல ஹம்மஸ் வராது. நான் ஆறு மாதம் அணைத்துக்கொண்டிருந்தேன்.

கொண்டைக்கடலை நமக்குப் புதிதும் இல்லை. ஒரு காலத்தில் சிங்கப்பூர்த் திரையரங்குகளின் வாசலில், தலையில் தட்டைச் சுமந்து வந்து, கூம்புப் பொட்டலத்தில் கச்சாங் பூத்தே என்ற கடலைத் தீனியை மடித்துக் கொடுத்த வியாபாரிகளில் பலர் தமிழர்கள். அந்தத் தட்டில் அவித்த கொண்டைக்கடலைக்கும் ஓர் இடம் இருந்தது. அரபு மொழியில் ஹும்முஸ் என்றாலே கொண்டைக்கடலைதான். உணவின் முழுப் பெயர் ஹும்முஸ் பி தஹீனா, அதாவது எள் விழுது சேர்ந்த கொண்டைக்கடலை. எள் விழுது இல்லாமல் அரைப்பது துவையல். துவையல் நல்ல பொருள்தான், ஆனால் ஹம்மஸ் ஆகாது.

2010 மே மாதம் லெபனான் நாட்டுச் சமையற்காரர்கள் கூடி 10,452 கிலோ ஹம்மஸ் செய்து உலகச் சாதனை படைத்தார்கள். அந்நாட்டின் பரப்பளவு 10,452 சதுர கிலோமீட்டர் என்பதால் அந்த எண்ணிக்கை. நமக்கு முக்கால் கிலோ போதும். அதற்கு வேண்டியவை:

வெள்ளைக் கொண்டைக்கடலை 200 கிராம்
சமையல் சோடா 1 தேக்கரண்டி (ஊறவைக்கப் பாதி, வேகவைக்கப் பாதி)
எள் விழுது 120 கிராம்
எலுமிச்சைச் சாறு 3 மேசைக்கரண்டி
பூண்டு 2 பல்
சீரகத்தூள் அரைத் தேக்கரண்டி
உப்பு முக்கால் தேக்கரண்டி
ஐஸ் தண்ணீர் 80 முதல் 100 மில்லி வரை
மேலே ஊற்ற ஆலிவ் எண்ணெய்

கறுப்புக் கொண்டைக்கடலை வேண்டாம். அதன் தோல் தடித்தது, எவ்வளவு வெந்தாலும் நாக்கில் தட்டும்.

எள் விழுது டப்பாவில் தஹினி என்ற பெயரில் கிடைக்கிறது. சிங்கப்பூரில் முஸ்தஃபா கடையிலும் பெரிய பேரங்காடிகளிலும் பார்க்கலாம். கம்போங் கிளாம் பக்கம் போனால் அரபு உணவகங்களில் நல்ல ஹம்மஸ் எப்படி இருக்கும் என்பதையும் ஒருமுறை சுவைத்துவிட்டு வாருங்கள். நாக்குக்கு ஓர் அளவுகோல் இருந்தால் கைக்கு வேலை எளிது.

விழுதை வீட்டிலேயே அரைப்பதாக இருந்தால் தோல் நீக்கிய எள் என்று கேட்டு வாங்குங்கள். தேக்கா கடைகளில் வெள்ளை எள் என்று கிடைப்பது சில சமயம் தோலோடு இருக்கும். பழுப்பு நிறம் காட்டிக்கொடுத்துவிடும், அரைத்தால் கசக்கும். 150 கிராம் எள்ளைச் சிறு தீயில், நிறம் மாறத் தொடங்கும்போதே இறக்கிவிடும்படி வறுங்கள். எள்ளுருண்டைக்கு வறுப்பது போலப் பொரியவிட வேண்டாம். ஆறியதும் மிக்ஸியின் சிறிய ஜாரில் விட்டு விட்டு அரைத்து, மூன்று அல்லது நான்கு மேசைக்கரண்டி சூரியகாந்தி எண்ணெய் சேர்த்தால் தோசைமாவு போல ஓடும் விழுது கிடைக்கும். இதற்குச் சீன நல்லெண்ணெயை ஊற்றாதீர்கள். அது நன்றாக வறுத்த எள்ளில் எடுத்த கறுத்த எண்ணெய். ஒரு கரண்டி போதும், ஹம்மஸ் முழுவதும் மீ கோரேங் வாசம் அடிக்கும்.

கடலையை வேகவைத்தல்

கடலையைக் கழுவி, நாலு மடங்கு தண்ணீரும் அரைத் தேக்கரண்டி சோடாவும் சேர்த்து எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஊறவையுங்கள். நம் ஊர் வெப்பத்தில் சமையலறை மேடையில் இரவு முழுக்க வைத்தால் காலையில் நுரைத்துப் புளித்த வாசம் வரலாம். ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவது நல்லது.

ஊறிய தண்ணீரைக் கொட்டி, நன்றாக அலசி, குக்கரில் போட்டு, கடலைக்கு மேல் மூன்று விரல் உயரம் புதுத் தண்ணீர் ஊற்றி, மீதி அரைத் தேக்கரண்டி சோடாவைச் சேருங்கள். சோடாவின் வேலை எளியது. கடலையின் தோலையும் சதையையும் இறுக்கிப் பிடித்திருக்கும் பெக்டின் என்ற பொருள் காரத்தன்மையில் கரைந்து தளர்கிறது. அதனால் கடலை சீக்கிரம் குழைகிறது, தோலும் கழன்றுகொள்கிறது. இரண்டு எச்சரிக்கைகள்: அலுமினியக் குக்கர் சோடாவில் கறுத்துவிடும், ஆகவே எவர்சில்வர் குக்கரை எடுங்கள். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், நுரை பொங்கி விசில் துளையை அடைக்கும்.

முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து இருபத்தைந்து நிமிடம். ஆவி தானாக அடங்கிய பிறகு திறந்து, ஒரு கடலையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். முழுதாக நசுங்க வேண்டும், நடுவில் ஒரு மணிகூட மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் இன்னும் பத்து நிமிடம் வைத்துவிடுங்கள். "குழைந்துவிட்டதே" என்று மனம் அடித்துக்கொள்ளும். அடித்துக்கொள்ளட்டும்.

குக்கர் இல்லாதவர்கள் திறந்த பாத்திரத்தில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை, மேலே வரும் நுரையையும் மிதக்கும் தோலையும் எடுத்தபடி கொதிக்கவிடலாம். ஒவ்வொரு கடலையாகத் தோல் உரிக்கச் சொல்லும் செய்முறைகளும் உண்டு. அதற்குப் பொறுமை இருந்தால் செய்யுங்கள், எனக்கு இல்லை. சோடா போட்டு நன்றாக வேகவைத்தால் அந்த வேலைக்குத் தேவையும் இல்லை. டின்னில் வரும் கடலையா? 400 கிராம் டின்னை வடிகட்டினால் ஏறத்தாழ 240 கிராம் கடலைதான் தேறும். இந்த அளவுக்கு இரண்டு டின் வேண்டும். அதையும் கால் தேக்கரண்டி சோடா போட்டுப் பதினைந்து நிமிடம் மறுபடி கொதிக்கவிடுங்கள். டின்னிலிருந்து அப்படியே அரைத்தால் மாமியார் வடைக் கேள்வி கேட்பார்.

வெந்த கடலையை வடிகட்டுங்கள். வேகவைத்த தண்ணீரில் சோடா இருக்கிறது, அதைச் சேர்த்து அரைக்க வேண்டாம்.

அரைத்தல்

கடலை வடியும் நேரத்தில் பூண்டைத் துருவி நேராக எலுமிச்சைச் சாற்றில் போட்டு, உப்பையும் சேர்த்துப் பத்து நிமிடம் விடுங்கள். பூண்டை நசுக்கியதும் அதிலுள்ள ஒரு நொதிதான் அந்தக் காட்டமான நெடியை உண்டாக்குகிறது. புளிப்பு அந்த நொதியை அடக்கிவிடும். பூண்டு மணம் இருக்கும், மறுநாள் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் முகம் சுளிக்கும் நெடி இருக்காது. எலுமிச்சை என்றால் நம் சிறிய பச்சை எலுமிச்சையே போதும், மஞ்சள் எலுமிச்சை கொஞ்சம் மென்மையாக இருக்கும். லீமாவ் கஸ்தூரி என்ற குட்டி எலுமிச்சையும் பிழிந்து பார்த்தேன். வாசம் அருமை, ஆனால் எள்ளை அமுக்கிவிடுகிறது.

இப்போது மிக்ஸியில் கடலை அல்ல, முதலில் எள் விழுது. விழுதையும் பூண்டுச் சாற்றையும் போட்டு ஓட்டினால் விழுது திடீரென்று இறுகிச் சிமெண்டு போலாகும். பயந்து எண்ணெய் ஊற்றாதீர்கள். எள் விழுது கொஞ்சம் நீரைக் கண்டால் கட்டியாகும், இன்னும் நீர் சேர்ந்தால் இளகும். ஐஸ் தண்ணீரை ஒவ்வொரு கரண்டியாக விட்டு ஓட்டுங்கள். நிறம் பழுப்பிலிருந்து வெண்மைக்கு மாறி, அடித்த தயிர் போல வரும். அந்த வெண்மையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கடலையைச் சேர்க்க வேண்டும்.

கடலை வெதுவெதுப்பாக இருக்கும்போதே சீரகத்தூளோடு போட்டு, பக்கங்களை வழித்துவிட்டு, மொத்தம் நாலு அல்லது ஐந்து நிமிடம் அரையுங்கள். நம் மிக்ஸி சூடேறும் இனம் என்பதால் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு கொடுங்கள். கரண்டியில் எடுத்தால் மெதுவாக நழுவி விழ வேண்டும். சற்றுத் தளர்வாக இருக்கிறதே என்று தோன்றினால் அதுதான் சரி, ஃப்ரிட்ஜில் கெட்டியாகும். ஆலிவ் எண்ணெயை உள்ளே விட்டு அரைக்க வேண்டாம், வேகமாகச் சுழலும்போது கசப்பு ஏறக்கூடும். மேலே ஊற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சுவை சேர்த்தல்

ஒரே மாவை மூன்றாகப் பிரித்தால் மூன்று ஹம்மஸ். என் வீட்டில் முதலில் காலியாவது தாளிப்பு. இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு வெடித்ததும் காய்ந்த மிளகாய் இரண்டு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை பெருங்காயம். இறக்கி இரண்டு நிமிடம் ஆறவிட்டு, தட்டில் பரப்பிய ஹம்மஸின் நடுவே கரண்டியால் குழி செய்து ஊற்றுங்கள். சேர்த்து அரைத்துவிடக் கூடாது. கறிவேப்பிலை மொறுமொறுப்பாகப் பல்லில் படுவதில்தான் பாதிச் சுவை. இங்கே ஆலிவ் எண்ணெய் தேவையில்லை, எள்ளுக்கு எள்ளெண்ணெய் சொந்தம். இதை மாமியார் இட்லிக்குத் தொட்டுக்கொள்கிறார். லெபனான்காரர்கள் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது சுட்ட குடைமிளகாய். சிவப்புக் குடைமிளகாய் ஒன்றை, கத்தரிக்காய் சுடுவது போலவே நெருப்பில் நேராக வைத்துத் தோல் முழுக்கக் கருகும்வரை திருப்பிச் சுடுங்கள். மூடிய கிண்ணத்தில் பத்து நிமிடம் வைத்தால் தோல் கையோடு வந்துவிடும். கழுவ வேண்டாம், புகை வாசம் தண்ணீரோடு போய்விடும். மின்னடுப்பு வைத்திருப்பவர்கள் ஓவனில் 220 பாகையில் அரை மணி நேரம் வைக்கலாம். விதை நீக்கி, சாற்றை வடித்து, கால் தேக்கரண்டி காஷ்மீரி மிளகாய்த்தூளோடு அரைத்துப் பிறகு ஹம்மஸில் கலக்குங்கள். குடைமிளகாயிலேயே நீர் இருப்பதால் இந்தப் பங்கைக் கெட்டியாக எடுத்துவைத்திருங்கள்.

பீட்ரூட் நிறத்துக்கு. வேகவைத்த சிறு துண்டு போதும், அதிகமானால் மண் வாசம். கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் சேர்த்த பச்சை ஹம்மஸ் அன்றைக்கே சாப்பிட வேண்டியது. புளிப்பில் மறுநாள் நிறம் மங்கிவிடும். சம்பல் பிடித்தவர்கள் ஒரு கரண்டி மேலே வைக்கலாம், பெலாச்சான் (இறால் விழுது) உள்ள சம்பல் என்றால் சைவ விருந்தாளிகளிடம் சொல்லிவிடுங்கள். பண்டான் இலையும் ஒருமுறை முயன்றேன். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

பிட்டா சிப்ஸ்

பிட்டா ரொட்டி உயர்ந்த சூட்டில் வேகும்போது உள்ளே ஆவி பெருகி, பூரி போல உப்பி, இரண்டு அடுக்காகப் பிரிகிறது. அந்தப் பிரிவுதான் நமக்கு உதவி. கத்தரிக்கோலை ஓரத்தில் விட்டுச் சுற்றி வெட்டினால் ஒரு பிட்டா இரண்டு மெல்லிய வட்டமாகும். பிரிக்காமல் இரட்டை அடுக்காகச் சுட்டால் வெளியே கருகும், உள்ளே ரப்பர் போல இருக்கும். நேற்று வாங்கிய பிட்டா கிழியாமல் பிரியும்.

நான்கு பிட்டாவைப் பிரித்து, ஒவ்வொரு வட்டத்தையும் எட்டு முக்கோணமாக வெட்டினால் 64 துண்டு. இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் அரைத் தேக்கரண்டி உப்பு, சீரகத்தூள், மிளகுத்தூள் கலந்து, சொரசொரப்பான உள்பக்கத்தில் பிரஷ்ஷால் மெல்லத் தடவுங்கள். ஓவனை 180 பாகைக்கு முன்கூட்டியே சூடாக்கி, தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, எட்டு முதல் பத்து நிமிடம். வீவக அடுக்குமாடி வீடுகளில் பலரும் வைத்திருக்கும் சிறிய மேசை ஓவனில் ஓரங்கள் முந்திக்கொள்ளும், ஐந்தாம் நிமிடத்தில் தட்டைத் திருப்பிவையுங்கள். கடைசி இரண்டு நிமிடம் கைப்பேசியை எடுக்காதீர்கள். பொன்னிறத்துக்கும் கரிக்கும் நடுவில் அவ்வளவுதான் இடைவெளி.

ஏர் ஃப்ரையரிலும் செய்யலாம். 170 பாகையில் ஐந்து நிமிடம். ஆனால் துண்டுகள் இலேசானவை, காற்றில் பறந்து மேலே உள்ள சூடேற்றும் கம்பியில் ஒட்டும், மேலே ஒரு கம்பித் தட்டை வைத்து அழுத்துங்கள். மிஞ்சிய சப்பாத்தியைச் சுடலாமா என்று கேட்பவர்களுக்கு: சுடலாம், அப்பளத்துக்கும் அட்டைக்கும் நடுவில் ஏதோ ஒன்று வரும்.

எடுத்ததும் சற்று மென்மையாக இருந்தால் கவலை வேண்டாம், ஆறும்போதுதான் மொறுமொறுப்பு வரும். முழுக்க ஆறிய பிறகும் ஒரு துண்டு உடையாமல் வளைந்தால், எல்லாவற்றையும் மறுபடி இரண்டு நிமிடம் உள்ளே தள்ளுங்கள். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் ஆவி நீராகித் தானே நமுத்துவிடும். ஆறியதைத் திறந்து வைத்தாலும் நம் ஊரின் ஈரக்காற்று விடாது, மழை நாளில் ஒரு மணி நேரம் போதும். நமுத்தவற்றை 150 பாகையில் மூன்று நிமிடம் காட்டினால் மீண்டும் உயிர் வரும்.

விருந்துக்கு வைக்கும்போது எள் ஒவ்வாமை யாருக்கேனும் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பார்த்தால் எள் இருப்பதே தெரியாது. மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஹம்மஸை விட வேண்டாம். ஃப்ரிட்ஜில் மூடி வைத்தால் நான்கு நாள் தாங்கும். தாளிப்பை மட்டும் அவ்வப்போது புதிதாகச் செய்யுங்கள். மூன்றாம் நாள் கெட்டியாகிப்போனால் ஒரு கரண்டி வெந்நீர் விட்டுக் கிளறி, கொஞ்சம் எலுமிச்சை பிழிந்தால் இளகிவிடும்.