தனுஷ்கோடிக்கு உச்சி வெயில்ல போகாதீங்க

வெளிநாட்டுல இருந்து லீவுக்கு ஊருக்கு வர்றவங்க பெரும்பாலும் என்ன பண்றாங்கன்னா, ராமேஸ்வரத்துல தீர்த்தம் ஆடி, சாமி கும்பிட்டு, ஒரு கட்டு கட்டிட்டு மத்தியான வெயில்ல கார் எடுத்துக்கிட்டு தனுஷ்கோடி ரோடு முடியுற அரிச்சல்முனை போயி நாலு செல்ஃபி எடுத்துட்டு, வெறும் மணல்தானே இருக்குன்னு திரும்பிடுறாங்க. ராத்திரி ராமேஸ்வரத்துல தங்கிட்டு, காலைல செக்போஸ்ட் திறந்த கையோட கிளம்புங்க, சுமார் 20 கிலோமீட்டர்தான்.

பறவை பாக்கணும்னா டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் நல்ல சீசன். கோதண்டராமர் கோயில் பக்கம் முழங்கால் அளவு தண்ணில பூநாரை (ஃபிளமிங்கோ) கூட்டமா நின்னு தலையைக் கவுத்துப்போட்டு மேயும். 2025ல அந்த இடத்தை பூநாரை சரணாலயமாவே அரசு அறிவிச்சாச்சு. பைனாகுலர் கொண்டு வாங்க, கிட்டப் போனா மொத்தக் கூட்டமும் எழும்பிடும், பாவம் அவ்வளவு தூரம் பறந்து வந்தது உங்க ரீல்ஸுக்கு இல்லை. டிரோன் வீட்டுலயே இருக்கட்டும், வெளிநாட்டுல இருந்து கொண்டு வரவே அனுமதி இல்லை. சாட்டிலைட் போனும் அப்படித்தான், இந்தக் கடற்கரைல அதோட மாட்டினா ஜாமீன் வாங்க வக்கீல் தேடணும்.

மணல்மேட்டுல ஏறும்போது இராவணன் மீசைன்னு ஊசி ஊசியா ஒரு புல் இருக்கும், செருப்பில்லாம போனா தெரியும் சேதி. அதுவும் அடம்பங்கொடியும்தான் மணலைப் பிடிச்சு வச்சிருக்கு, மிதிச்சு அழிக்காதீங்க. சுத்தி உப்புத்தண்ணி, ஆனா மேட்டுப் பக்கம் கையால தோண்டினா நல்ல தண்ணி ஊறும். மழைத்தண்ணி மணலுக்குள்ள இறங்கி, கனமான உப்புத்தண்ணிக்கு மேல மிதந்துகிட்டு நிக்குது. 1964 டிசம்பர் புயல்ல ஊரே போன பிறகும் மீனவங்க அங்க குடியிருக்க முடிஞ்சதுக்கு இந்த ஊத்தும் ஒரு காரணம்.

அரிச்சல்முனைல பிள்ளைங்களைத் தண்ணில இறக்காதீங்க, ரெண்டு பக்க கடலும் சேருற இடம், இழுவை ஜாஸ்தி. குளிக்கணும்னா உச்சிப்புளி பக்கம் அரியமான் போங்க, ஆழம் கம்மி, சவுக்குத்தோப்பு நிழல் இருக்கு, பாட்டி தாத்தா உக்காரலாம். தொண்டி பக்கம் காரங்காட்டுல வனத்துறை படகுல அலையாத்திக் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறாங்க, எனக்கு அரிச்சல்முனையை விட அதுதான் பிடிக்கும், சத்தமே இருக்காது. மன்னார் வளைகுடால இருக்குற இருபத்தொரு தீவுமே தேசியப் பூங்கா, தனியார் வள்ளத்துல ஏறி நீங்களா போயி இறங்கக்கூடாது. அதுல ஒண்ணான குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு ஓடுதான்னு முந்தின நாளே விசாரிச்சுக்கோங்க, காத்து கூடினா நிறுத்திடுவாங்க.

அப்புறம் போன். முனைல நிக்கும்போது இலங்கை டவர் பிடிச்சு ரோமிங் ஏறலாம், நெட்வொர்க்கை ஆட்டோல விடாதீங்க. சில்லறை நோட்டு கைல இருக்கட்டும், ஓலைக்கொட்டாய்ல மீன் பொரிச்சுத் தருவாங்க, ரேட் கேட்டுட்டு மீனைக் கைகாட்டுங்க. சங்கு சிப்பி கடைல யாராவது பவளப்பாறைத் துண்டு நீட்டினா வாங்கவே வாங்காதீங்க, வனவிலங்குச் சட்டத்துல வர்ற பொருள், ஏர்போர்ட்ல பெட்டியைத் திறந்தா விக்கிறவர் வந்து பதில் சொல்ல மாட்டார். கருப்பட்டி வாங்கிக்கோங்க, அதுக்கு எந்தச் சட்டமும் குறுக்க வராது.