ஏரியா அணிக்கு ரசிகர்களிடமிருந்தே நிதி திரட்டுவது எப்படி?

வடசென்னை வியாசர்பாடி கால்பந்து மைதானத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குப் போய்ப் பாருங்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் லுங்கியோடு நிற்கும் பெரியவருக்கு நம் இடது விங்கர் எந்த வீட்டுப் பிள்ளை, போன வாரம் எந்தப் பந்தைக் கோட்டைவிட்டான் என்பதெல்லாம் அத்துப்படி. ஆனால் பந்து வாங்கப் பணம் வேண்டுமென்றால் நாம் அவரிடம் போவதில்லை. ரசீதுப் புத்தகத்தோடு கடை கடையாக ஏறி இறங்குகிறோம். நானும் சில வருடங்கள் அப்படித்தான் அலைந்தேன். புதிதாக அணி நடத்துபவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

முதல் படி: பெயர் எழுதுங்கள்

மூன்று ஆட்டங்களுக்குத் தொடர்ந்து வருபவர்களிடம் சம்மதம் கேட்டு, பெயரையும் கைபேசி எண்ணையும் நோட்டில் எழுதுங்கள். வாட்ஸ்அப் குழு தொடங்கி ஆட்ட நேரம், முடிவு, வீரர்களைப் பற்றி இரண்டு வரி என்று அனுப்புங்கள். ஒரு மாதம் வரை பணப் பேச்சே வேண்டாம்.

இரண்டாம் படி: கணக்கு தொடங்குங்கள்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கமாகப் பதிவு செய்யலாம். பிறகு சங்கத்தின் பெயரிலேயே பான் அட்டை, வங்கிக் கணக்கு, க்யூஆர் கோடு. செயலாளர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அவருடைய சொந்த எண்ணுக்குப் பணம் போகக் கூடாது. நாலு பேர் பேச இடம் கொடுத்துவிட்டால் அணியே உடையும்.

மூன்றாம் படி: பொருளைக் காட்டிக் கேளுங்கள்

என் அனுபவத்தில் உயிரான படி இதுதான். "அணிக்கு உதவுங்கள்" என்று நாங்கள் கேட்டபோதெல்லாம் சில்லறைதான் விழுந்தது. ஒரு நாள் எங்கள் சின்னப் பையன்கள் அணியின் கோல்கீப்பர் கையுறையை டீ கேன் பக்கத்தில் மேசைமேல் வைத்தோம். கட்டைவிரல் தையல் பிரிந்து, சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கட்டிய கையுறை. இடைவேளை முடிவதற்குள் புதியது வாங்கப் பணம் சேர்ந்துவிட்டது. பணம் கொடுத்த மீன் வியாபாரி அக்கா இன்றைக்கும் அந்தப் பையனிடம், "என் கிளவுஸ் எப்படிடா இருக்கு?" என்று கேட்கிறார். அந்த "என்" என்ற சொல்லைச் சம்பாதிப்பதுதான் நம் வேலை.

கொடுத்தவர் பெயரை மொய் நோட்டு போல எழுதி, இடைவேளையில் மைக்கில் வாசியுங்கள். பத்து ரூபாய்க்கும் ஐந்நூறு ரூபாய்க்கும் ஒரே குரல்தான் இருக்க வேண்டும்.

நான்காம் படி: மாதச் சந்தா

நூறு பேர் ஐம்பது ரூபாய் கொடுத்தால் மாதம் 5,000 ரூபாய். சந்தாதாரர்களுக்கு உறுப்பினர் அட்டை கொடுங்கள். ஜெர்ஸி நிறத்தை அவர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும். ஆண்டுக்கொரு முறை அவர்களும் வீரர்களோடு இறங்கி ஆடட்டும். பணம் சேர்க்கக் குலுக்கல் சீட்டு மட்டும் விற்காதீர்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருக்கிறது.

கேரம் கிளப் நடத்துபவர்களுக்கும் இதே வழி பொருந்தும். புது வண்ணாரப்பேட்டை கேரம் வீராங்கனை காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்று வந்த பகுதி இது. ஆட்டத்தைப் பார்க்க ஆள் இல்லாமல் போகாது. சின்ன அறையில் கூட்டம் கொள்ளாது என்றால், பலகைக்கு நேர் மேலே கைபேசியைக் கட்டி நேரலை செய்யுங்கள்.

ஐந்தாம் படி: செலவை எழுதிப் போடுங்கள்

மைதான வாசலில் ஒரு கரும்பலகை போதும். வரவு, செலவு, மீதி. காற்றடிக்கும் பம்ப் வாங்கியிருந்தால் அதையும் விலையோடு எழுதுங்கள். மழை அழிப்பதற்குள் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிடுங்கள்.