சுகர், பிரஷருக்காக வாழ்க்கை முறையை மாற்றுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை கூடியிருக்கிறது என்று தெரிந்த மறுநாள், பலருடைய வீட்டில் எல்லாம் ஒரே நாளில் மாறிவிடும். இனிப்பு நின்றுவிடும். புது ஷூ வரும். விடியும் முன்பே ஒரு மணி நேர நடை, இரவில் பட்டினி. மூன்றாவது வாரம் வேலை நெருக்கும், அல்லது முழங்கால் வலிக்கும். நான்காவது வாரம் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அதற்கப்புறம் அவர் எடுக்கிற முடிவுதான் எனக்குக் கவலை தருகிறது: "இதெல்லாம் எனக்குச் சரிப்பட்டு வராது." அவருக்கு மன உறுதி குறைவு என்று நான் நினைக்கவில்லை. மாற்றத்தை அளவுக்கு மீறிப் பெரிதாக வைத்தார், அதற்கான காலத்தை மிகவும் குறைவாக வைத்தார். தவறு அங்கேதான்.

உண்மையில் எவ்வளவு மாறினால் போதும்? அமெரிக்காவில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 3,234 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முடிவுகள் 2002இல் வெளியாயின. அவர்களில் ஒரு பிரிவினருக்கு இரண்டே இலக்குகள்: உடல் எடையில் 7 சதவீதம் குறைக்க வேண்டும், வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடப்பது போன்ற உடலுழைப்பு வேண்டும். 90 கிலோ இருப்பவருக்கு ஆறு கிலோவுக்குச் சற்று மேல்; வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம். அவ்வளவுதான். ஏறக்குறைய மூன்று ஆண்டுகளில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் இவர்களுக்குச் சர்க்கரை நோய் வந்தது 58 சதவீதம் குறைவு. சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்த பிரிவில் அது 31 சதவீதம்தான் குறைந்தது. அதற்கு முந்தைய ஆண்டு பின்லாந்தில் 522 பேரிடம் நடந்த ஆய்விலும் அதே 58 சதவீதம்தான் வந்தது.

இந்த எண்ணைச் சொல்பவர்கள் பலர் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். அந்த அமெரிக்க ஆய்வில் யாரையும் "போய் நடங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. முதல் 24 வாரங்களில் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு பயிற்சியாளர் உட்கார்ந்து 16 பாடங்கள் நடத்தினார். எங்கே சறுக்குகிறோம், விசேஷ நாளில் என்ன செய்வது என்றெல்லாம் பேசினார்கள். நம்மில் பலர் வீட்டில் கூடச் சொல்லாமல் தனியாகப் போராடுகிறோம். கூட நடக்க ஒருவர், வாரம் ஒருமுறை "எப்படிப் போகிறது?" என்று கேட்க ஒருவர் இருந்தாலே எவ்வளவோ சுமை குறையும். யாரிடமாவது கேளுங்கள், வெட்கப்பட வேண்டியதில்லை.

நடையில் ஒரு தவறு. காலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, மீதி நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழாமல் இருப்பது. உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை முதலில் தெளிவாகக் காட்டிய ஆய்வுகளில் ஒன்று 1953இல் லண்டனில் வந்தது. ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டார். நாளெல்லாம் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, நாளெல்லாம் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. நடத்துநர் எவரும் அதை உடற்பயிற்சி என்று நினைத்துச் செய்யவில்லை. சாப்பிட்டபின் பத்து நிமிடம் நடப்பதையும் அதனால்தான் நான் மதிக்கிறேன். தசை வேலை செய்யும்போது இன்சுலினின் உதவி அதிகம் இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. தசைக்கான பயிற்சியை வாரம் இரண்டு நாளாவது செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நடை மட்டும் போதும் என்று பலர் இதை மறந்துவிடுகிறார்கள். எடை தூக்க முடியாதவர் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

சாப்பாட்டில் பெரிய தவறு, ஒரே ஒரு குற்றவாளியைத் தேடுவது. சர்க்கரையை நிறுத்திவிட்டுத் தேனுக்கு மாறுவார்கள், தேனும் சர்க்கரைதான். பழத்தை ஜூஸாக்கி வடிகட்டிக் குடிப்பார்கள். நார்ச்சத்து வடிகட்டியிலேயே தங்கிவிடும். தட்டில் உப்புத் தூவுவதை நிறுத்துவார்கள். பாக்கெட் தீனியிலும் சாஸிலும் ரொட்டியிலும் இருக்கும் உப்பு கண்ணில் படாது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்ற வரம்பு இவை எல்லாம் சேர்ந்த கணக்கு. பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு வாங்குகிறவர்கள் சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, சில வகைப் பிரஷர் மாத்திரை எடுத்தாலோ மருத்துவரிடம் கேட்காமல் தொடவே கூடாது.

எதை நிறுத்துவது என்பதைவிட எதைச் சேர்ப்பது என்று யோசிப்பது சுலபம், பலனும் உண்டு. 1997இல் வெளியான 'டேஷ்' ஆய்வில் காய், பழம், கொழுப்புக் குறைந்த பால் பொருட்கள் அதிகமாக இருக்கும் உணவைக் கொடுத்தார்கள். உப்பையும் குறைக்கவில்லை, எடையும் குறையவில்லை. இரண்டே வாரத்தில் ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது.

கொஞ்சம் மாறினாலே போதும் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். புகைக்கு அது பொருந்தாது. ஒரு நாளைக்கு இருபதிலிருந்து ஒன்றுக்குக் குறைத்தால் இதய நோய் ஆபத்தும் இருபதில் ஒரு பங்காகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் பார்த்தபோது, ஒன்றே ஒன்று புகைப்பவருக்கும், இருபது புகைப்பவருக்குக் கூடுதலாக வரும் இதய ஆபத்தில் ஏறக்குறைய பாதி இருந்தது. முழுமையாக விட வேண்டும். அறுபது வயதில் விட்டால்கூட ஆயுள் சராசரியாக மூன்று ஆண்டு கூடுகிறது என்று பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு சொல்கிறது. "இனிமேல் விட்டு என்ன ஆகப்போகிறது" என்ற பேச்சை யார் பேசினாலும் நம்பாதீர்கள்.

இப்போது எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. என் அப்பா மூன்று மாதம் ஒழுங்காக நடந்தார். பிரஷர் நன்றாக இறங்கியிருந்தது. "அதான் சரியாகிவிட்டதே" என்று யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். நடையும் மாத்திரையும் சேர்ந்துதான் அந்த எண்ணைக் கீழே வைத்திருந்தன என்பது அவருக்குத் தோன்றவில்லை. அடுத்த பரிசோதனையில் அது பழைய இடத்தையும் தாண்டியிருந்தது. நல்லவேளையாக வேறெதுவும் நடக்கவில்லை. பீட்டா பிளாக்கர் போன்ற சில பிரஷர் மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலி, மாரடைப்பு வரைக்கும் போகலாம். இதற்கு மறுபக்கமும் உண்டு. இன்சுலின் போடுகிறவரோ, இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை எடுக்கிறவரோ திடீரென்று சாப்பாட்டைக் குறைத்து நடையைக் கூட்டினால் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துவிடும். மாற்றத்தைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், மருந்தின் அளவை அவர் மாற்றித் தருவார்.

சர்க்கரை நோயாளிகள் சிலர் மருந்தே இல்லாமல் இயல்பான அளவுக்கு வர முடியும் என்பதும் உண்மை. பிரிட்டனில் 2017இல் வெளியான ஒரு ஆய்வில், தீவிரமாக எடை குறைத்த பிரிவினரில் 46 சதவீதம் பேர் ஓராண்டில் அந்த நிலைக்கு வந்தார்கள். எல்லாம் மருத்துவக் கண்காணிப்பில் நடந்தது. இரண்டாம் ஆண்டு முடிவில் அந்த எண்ணிக்கை 36 சதவீதமாகக் குறைந்தது. ஆகவே அந்த நிலையை எட்டியவர்களும் ஆண்டுதோறும் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

எடை மெஷினை மட்டும் நம்புவதும் தவறு. தினமும் ஏறி நின்று, முள் அசையவில்லை என்று மனம் உடைந்து நடையை நிறுத்தியவர்கள் பலர். எடை குறையாவிட்டாலும் நடை ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், இன்சுலின் நன்றாக வேலை செய்யவும் உதவும். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைப் பாருங்கள், இடுப்பளவைப் பாருங்கள். தூக்கத்தையும் மறக்க வேண்டாம். பலமாகக் குறட்டை விட்டு, பகலெல்லாம் தூங்கி வழிபவருக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறு இருக்கலாம். அதைக் கவனிக்காமல் விட்டால் பிரஷர் அடங்க மறுக்கும்.

ஒரு நாள் நடக்கவில்லை, விருந்தில் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டாகிவிட்டது, எல்லாம் போச்சு என்று கைவிடுகிறவர்களுக்கு இன்னொரு ஆய்வைச் சொல்கிறேன். ஒரு புதுப் பழக்கம் தானாக வரும் அளவுக்குப் படிய எத்தனை நாள் ஆகும் என்று லண்டனில் 96 பேரிடம் பார்த்து 2010இல் வெளியிட்டார்கள். நடுமதிப்பு 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. இன்று விட்டுப்போயிருந்தால் நாளை அதே நேரத்துக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள், விட்டதை ஈடுகட்ட இரண்டு மணி நேரம் நடக்க வேண்டாம்.