சன்ஓஎஸ் 4.1.4 இயந்திரத்தில் நெட்வொர்க் பிரிண்டர் இணைப்பது எப்படி?

1994இல் வெளிவந்த, சன் நிறுவனத்தின் யூனிக்ஸ் இயங்குதளமான சன்ஓஎஸ் 4.1.4 ஓடும் ஸ்பார்க்ஸ்டேஷன் கணினி ஒன்று உங்கள் பொறுப்பில் இருக்கிறதா? இன்று வாங்கும் லேசர் பிரிண்டரையும் அதோடு இணைக்க முடியும், டிரைவர் எதுவும் தேவையில்லை. பி.எஸ்.டி. யூனிக்ஸில் பிறந்த எல்.பி.டி. அச்சு முறையை (அதை நடத்தும் பின்னணி நிரலுக்கும் இதே பெயர்) 1990இல் ஆர்.எஃப்.சி. 1179 என்ற இணைய நெறிமுறை ஆவணம் விவரித்தது. அலுவலகப் பயன்பாட்டுக்கான பிரிண்டர்களில் பெரும்பாலானவை இன்றும் டி.சி.பி. 515ஆம் போர்ட்டில் அதை ஏற்கின்றன. பிரிண்டர் விவரங்களைக் கொண்ட ப்ரின்ட்கேப் கோப்பில் சில வரிகள் எழுதினால் போதும். சிக்கல்கள் பெரும்பாலும் அந்த வரிகளுக்கு வெளியேதான் இருக்கும், அதனால் ஒரு படி வேலை செய்கிறது என்று உறுதியான பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம். வேறு சொல்லாத இடங்களில், இயந்திரத்தில் எல்லாவற்றையும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். வேலை முழுவதும் ரூட் (நிர்வாகி) ஆக. பிங் (இணைப்புச் சோதனை), சோன் (chown, உரிமையாளரை மாற்றுவது), எல்பிசி (அச்சு வரிசைக் கட்டுப்பாடு) மூன்றும் /யூஎஸ்ஆர்/இடிசி டைரக்டரியில் இருக்கும்.

படி 1: பிரிண்டர் பக்கம்

போஸ்ட்ஸ்கிரிப்ட் அல்லது பி.சி.எல். என்ற பக்க விவரிப்பு மொழியைப் புரிந்துகொள்ளும் பிரிண்டராக இருக்க வேண்டும். பக்கத்தை விண்டோஸ் டிரைவரே வரைந்து அனுப்பும் ஜி.டி.ஐ. வகை மலிவு பிரிண்டர்கள் இங்கே பயன்படாது, அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

பிரிண்டரின் அமைப்புப் பக்கத்தை வேறொரு கணினியிலிருந்து திறங்கள். பழைய இயந்திரத்தின் பிரவுசரால் இன்றைய பாதுகாப்பு இணைப்பைத் திறக்க முடியாது. அங்கே நிலையான ஐ.பி. முகவரி கொடுங்கள், எல்.பி.டி. சேவையை இயக்குங்கள், பேனர் பக்கத்தை (ஒவ்வொரு வேலையோடும் வரும் பெயர்த்தாள்) அணையுங்கள். பேனரை அச்சிடுவது பிரிண்டர்தான். ப்ரின்ட்கேப்பில் என்ன எழுதினாலும் அது நிற்காது.

படி 2: பெயரும் இணைப்பும்

/இடிசி/ஹோஸ்ட்ஸ் கோப்பில் பிரிண்டரின் முகவரியையும் "லேசர்1" என்ற பெயரையும் ஒரே வரியில் சேருங்கள். பிறகு "பிங் லேசர்1" கொடுத்தால் "லேசர்1 இஸ் அலைவ்" என்று வர வேண்டும்.

பெயரே தெரியாது என்று சொன்னால் இயந்திரம் என்.ஐ.எஸ். (பெயர்ப் பட்டியல்களை ஒரு மாஸ்டர் இயந்திரத்திலிருந்து பகிரும் சேவை) பயன்படுத்துகிறதா என்று பாருங்கள். அதன் நிரலான ஒய்பிபைண்ட் ஓடும்போது சன்ஓஎஸ் 4 பெயர்களை என்.ஐ.எஸ்.ஸிடம் மட்டுமே கேட்கும், உள்ளூர் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திரும்பிப் பார்க்காது. அப்படியானால் அந்த வரியை மாஸ்டர் இயந்திரத்தில் சேர்த்து, அங்கே /வார்/ஒய்பி டைரக்டரியில் மேக் ஓட்ட வேண்டும்.

பிங் சரியானதும் "டெல்நெட் லேசர்1 515" கொடுங்கள். "கனெக்டட்" என்று வந்தால் பிரிண்டர் தயார். மறுத்தால் எல்.பி.டி. சேவை அணைந்திருக்கிறது, அல்லது பிரிண்டரின் அனுமதிப் பட்டியலில் உங்கள் இயந்திரம் இல்லை.

படி 3: ஸ்பூல் டைரக்டரி

அச்சு வேலைகள் காத்திருக்க /வார்/ஸ்பூல்/லேசர் என்று ஒரு டைரக்டரி உருவாக்கி, உரிமையாளரையும் குழுவையும் டீமன் என்று மாற்றி, அனுமதியை 775 ஆக வையுங்கள். /வார்/ஏடிஎம்/லேசர்லாக் (/var/adm/laserlog) என்ற வெற்றுக் கோப்பை டச் கட்டளையால் உருவாக்குங்கள். எல்.பி.டி. பதிவுக் கோப்பைத் தானாக உருவாக்காது. கோப்பு இல்லையென்றால் பிழைச் செய்தி உங்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

படி 4: ப்ரின்ட்கேப்

/இடிசி/ப்ரின்ட்கேப் கோப்பில்:

லேசர்|எல்பி:\
    :எல்பி=:ஆர்எம்=லேசர்1:ஆர்பி=ரா:\
    :எஸ்டி=/வார்/ஸ்பூல்/லேசர்:\
    :எல்எஃப்=/வார்/ஏடிஎம்/லேசர்லாக்:\
    :எம்எக்ஸ்#0:

முதல் வரியில் உள்ள "எல்பி" இதை இயல்புநிலை பிரிண்டராக்குகிறது. இரண்டாம் வரியில் உள்ள "எல்பி=" வேறு; அது சாதனக் கோப்பின் பெயர், அதைக் காலியாக விடுவது கட்டாயம். அந்தப் புலத்தையே எழுதாமல் விட்டால் எல்.பி.டி. /டெவ்/எல்பி என்ற உள்ளூர் போர்ட்டைத் திறக்கப் போகும், ஆர்எம் (தொலைப் பிரிண்டரின் பெயர்) இருப்பதையே கவனிக்காது.

எஸ்டி (sd) ஸ்பூல் டைரக்டரி, எல்எஃப் பதிவுக் கோப்பு. ஆர்பி என்பது பிரிண்டருக்குள் இருக்கும் வரிசையின் பெயர். எச்.பி.யின் ஜெட்டைரக்ட் நெட்வொர்க் இணைப்பில் "ரா", "டெக்ஸ்ட்" இரண்டும் உண்டு. பிரதர் பிரிண்டர்களில் "பைனரி_பி1" (இது பெரிய எழுத்துகளில்). எம்எக்ஸ்#0 இல்லாவிட்டால் கோப்பளவுக்கு 1000 பிளாக் வரம்பு உண்டு, ஏறக்குறைய 1 எம்.பி. அதைத் தாண்டினால் எல்பிஆர் (கோப்பை அச்சுக்கு அனுப்பும் கட்டளை) ஒரு எச்சரிக்கை மட்டும் காட்டிவிட்டு, வெட்டுப்பட்ட கோப்பை அப்படியே அனுப்பும். படங்கள் நிறைந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பு பாதியில் நின்றால் முதலில் இதைப் பாருங்கள்.

பேக்ஸ்லாஷுக்குப் பிறகு ஒரு வெற்றிடம்கூட இருக்கக் கூடாது. இருந்தால் பதிவு அந்த வரியோடு முடிந்துவிடும். வி.ஐ.யில் "செட் லிஸ்ட்" கொடுத்தால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் டாலர் குறி தெரியும். பேக்ஸ்லாஷும் டாலரும் ஒட்டியிருக்க வேண்டும்.

எல்.பி.டி.யை மறுபடி தொடங்க வேண்டியதில்லை, ஒவ்வொரு முறையும் அது இந்தக் கோப்பைப் புதிதாகப் படிக்கிறது.

படி 5: சோதனை

பிரிண்டருக்கு போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரியும் என்றால், முதல் வரியில் சதவீதக் குறியும் ஆச்சரியக்குறியும், இரண்டாம் வரியில் "ஷோபேஜ்" என்ற சொல்லும் உள்ள கோப்பை எல்பிஆர் வழியாக அனுப்புங்கள். வெற்றுத்தாள் ஒன்று வந்தால் வெற்றி. வராவிட்டால், வரிசையின் நிலையைக் காட்டும் எல்பிக்யூ கொடுத்துச் செய்தியைப் படியுங்கள். "வெயிட்டிங் ஃபார் லேசர்1 டு கம் அப்" என்றால் இணைப்பே கிடைக்கவில்லை, படி 2க்குத் திரும்புங்கள். "வெயிட்டிங் ஃபார் க்யூ டு பி எனேபிள்டு" என்றால் பிரிண்டர் இணைப்பை ஏற்றுவிட்டு வேலையை மறுக்கிறது. பெரும்பாலும் ஆர்பி பெயர் தவறு. "அன்னோன் ஹோஸ்ட்" லேசர்லாக் கோப்பில் வரும்.

எழுத்துகள் படிக்கட்டுபோல் இறங்கினால்

யூனிக்ஸில் வரி முடிவு ஒரே எழுத்து, எல்.எஃப். (அடுத்த வரிக்கு இறங்குவது) மட்டும். சி.ஆர். (இடது ஓரத்துக்குத் திரும்புவது) சேராததால் பிரிண்டர் அடுத்த வரியை இடது ஓரத்திலிருந்து தொடங்காது. ஜெட்டைரக்ட் என்றால் ஆர்பி=டெக்ஸ்ட் என்று இரண்டாவது பதிவு எழுதி, அதற்குத் தனி ஸ்பூல் டைரக்டரி கொடுங்கள். ஒரே டைரக்டரியை இரண்டும் பகிர்ந்தால் வேலைகள் கலந்துவிடும்.

அந்த வசதி இல்லாத பிரிண்டரில் பலரும் ஐஎஃப் ஃபில்டர் (அச்சுக்கு முன் கோப்பை மாற்றும் நிரல்) எழுதிப் பார்த்து ஏமாறுகிறார்கள். தொலைப் பிரிண்டர் என்றால் இந்த எல்.பி.டி. ஃபில்டரை ஓட்டவே ஓட்டாது. வழி இது: "எல்பி=/டெவ்/நல்" என்று உள்ளூர் பிரிண்டராக ஒரு பதிவு; அதன் ஐஎஃப் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். அந்த ஸ்கிரிப்ட் செட் (sed) கட்டளையால் வரி இறுதியில் கன்ட்ரோல்-எம் (அதுதான் சி.ஆர்.) சேர்த்து, "எல்பிஆர் -பிலேசர்" வழியாக மேலே உள்ள வரிசைக்கு அனுப்பும், இந்த -பி பெரிய எழுத்து. வி.ஐ.யில் அந்த எழுத்தைப் பதிக்க கன்ட்ரோல்-வி அழுத்திவிட்டு கன்ட்ரோல்-எம் அழுத்துங்கள். ஸ்கிரிப்டுக்கு முழுப் பாதையும் இயக்க அனுமதியும் கொடுங்கள்.

வரிசை நின்றுபோனால்

"எல்பிசி அபார்ட் லேசர்", பிறகு ரூட்டாக "எல்பிஆர்எம் -பிலேசர் -" (இங்கும் -பி பெரிய எழுத்து), கடைசியில் "எல்பிசி ஸ்டார்ட் லேசர்". நடுவில் உள்ளது வரிசையிலுள்ள எல்லோருடைய வேலைகளையும் அழிக்கும், முன்னரே சொல்லிவிடுங்கள். அபார்ட் கொடுத்த வரிசை ஸ்டார்ட் கொடுக்கும்வரை அச்சிடாது.